மிளகாய்ப்பழச் சிவப்பு: பட்டறைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் இயற்கைச் சாயத்தில் பட்டு நனைக்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறோம். புடவைக்குச் சாயம் கேட்டு வருபவர்கள் பேச்சுவாக்கில் குங்குமம், குழந்தையின் காய்ச்சல், கோபி மஞ்சூரியன் என்று எல்லாவற்றையும் கேட்கிறார்கள். எல்லாம் ஒரே நிறத்தைச் சுற்றி வருவதால் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தோம். எந்தச் சிவப்பைப் பார்த்தாலும் ‘இது எதனால் ஆனது?’ என்று முதலில் கேளுங்கள் என்பதுதான் நாங்கள் எல்லோரிடமும் சொல்வது. துணிக்கும் அதுதான், நெற்றிக்கும் அதுதான், நாக்குக்கும் அதுதான்.

எந்தச் சிவப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

செடியிலேயே பழுத்த மிளகாயின் சிவப்பு. ஆங்கிலத்தில் ஸ்கார்லெட் என்பார்கள். சற்றே ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கும். கருமையோ நீலமோ கலந்திருக்காது. ஜவுளிக் கடையில் மிளகாய்ப்பழக் கலர் என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். அரக்கும் மெரூனும் இதைவிட இருண்டவை.

செயற்கைச் சாயம் வருவதற்கு முன்னால் இந்த நிறத்தை எதிலிருந்து எடுத்தார்கள்?

பெரும்பாலும் பூச்சிகளிலிருந்து. மத்தியதரைக் கடலோரத்தில் ஒருவகை ஓக் மரத்தில் ஒட்டி வாழும் கெர்மஸ் என்ற செதில்பூச்சி ஐரோப்பாவின் பழைய சிவப்பு. அரசர்களும் கர்தினால்களும் அணிந்த விலையுயர்ந்த கம்பளித் துணிக்கு அதுதான் நிறம் கொடுத்தது. நம் நாட்டில் அரக்குப் பூச்சி. பலாசு, இலந்தை, பூவ மரக் கிளைகளில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு பிசினைச் சுரந்து தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். அந்தப் பிசினைக் கழுவும்போது வெளியேறும் சிவந்த நீர்தான் அரக்குச் சாயம். எங்கள் பட்டறையில் அதிகம் பயன்படுவதும் அதுவே. ஜார்க்கண்டின் ராஞ்சியில் 1924-இல் அரக்குக்கென்றே தொடங்கிய ஓர் ஆய்வு நிலையம் இன்றும் இயங்கிவருகிறது. இங்கிருந்து மைசூரு சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் போனால் சன்னபட்டணத்தில் கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரப்பொம்மையின் மேல் நிறமேற்றிய அரக்குக் குச்சியை அழுத்திப் பூசுவதைப் பார்க்கலாம். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். போகாதவர்கள் ஒருமுறை போய்வாருங்கள்.

மூன்றாவது பூச்சி கொச்சினீல். மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளி மடல்களில் வளர்வது. ஸ்பானியர்கள் 1521-இல் அஸ்தெக் தலைநகரைப் பிடிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்குள்ள மக்கள் இதை வளர்த்துச் சாயமெடுத்தார்கள். உலர்ந்த கொச்சினீல் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூச்சிகள் வேண்டும். ஸ்பெயின் இதை வெள்ளிக்கு அடுத்த செல்வமாகக் காத்தது. உலர்ந்த பூச்சி தானியம்போலத் தெரியும் என்பதால், அது விதையா உயிரா என்று ஐரோப்பியர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள்.

ஒரே சாயத்தில் நனைத்த இரண்டு பட்டுகள் வேறு வேறு சிவப்பாக இருப்பது ஏன்?

சாயத்தை இழையோடு பிணைக்கும் உலோக உப்பு மாறியிருக்கும். படிகாரம் போட்டால் அரக்கும் கொச்சினீலும் நீலச் சாயலுள்ள ஆழ்ந்த சிவப்பைத் தரும். வெள்ளீய உப்பு சேர்த்தால் அதே சாயம் மிளகாய்ப்பழச் சிவப்பாகப் பளிச்சிடும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்தவர் என்று கொர்னேலியஸ் ட்ரெபெல் என்ற டச்சுக்காரரைச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பாவின் சிவப்பே மாறிப்போனது.

நாங்கள் வெள்ளீய உப்பைப் பயன்படுத்துவதில்லை. அந்தக் கழிவுநீரை இந்த ஊரின் சாக்கடையில் விட மனம் வரவில்லை. இந்நகரின் ஏரிகள் ஏற்கெனவே போதுமான அளவு சுமந்துவிட்டன. அரக்குச் சாயம் புளிப்பில் ஆரஞ்சுப் பக்கம் நகரும். எனவே படிகாரத்தோடு புளித்தண்ணீரோ எலுமிச்சையோ சேர்த்து முடிந்தவரை அந்தப் பக்கம் கொண்டுவருகிறோம். வெள்ளீயம் தரும் பளபளப்பு இதில் வராது. அதைச் சொல்லிவிட்டுத்தான் புடவையை வாங்கிக்கொள்கிறோம்.

கொச்சினீல் பூச்சியை நம் ஊரில் வளர்க்க முயன்றது உண்மையா?

உண்மை. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1780-களில் மதராசில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், ஸ்பெயினின் ஏகபோகத்தை உடைக்க வேண்டும் என்று இடைவிடாமல் கடிதம் எழுதினார். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்கள். மெக்சிகோவின் நல்ல இனப் பூச்சிதான் கிடைக்கவில்லை. 1795-இல் ஒரு கேப்டன் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தது வேறோர் இனம். அதிலிருந்து கிடைத்த சாயம் மட்டமானது. வணிகம் எடுபடவில்லை.

பூச்சி மட்டும் தன் வேலையைச் செய்தது. ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அது தின்றே தீர்த்தது. அதைப் பார்த்தவர்கள் 1860-களில் தென்னிந்தியாவுக்கும் பிறகு இலங்கைக்கும் அந்தப் பூச்சியை வேண்டுமென்றே கொண்டுபோய்க் கள்ளியின் மேல் விட்டார்கள். களைச்செடியை அழிக்க ஓர் உயிரினத்தை ஏவிய உலகின் முதல் முயற்சிகளில் ஒன்றாக இதைத் தாவரவியலாளர்கள் குறிப்பிடுகிறார்கள். மஞ்சள் பூப் பூக்கும் இன்னொரு சப்பாத்திக்கள்ளி தமிழ்நாட்டுப் புன்செய்களை அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கென 1926-இல் வேறொரு கொச்சினீல் இனம் இலங்கை வழியாக வந்தது. கள்ளிக்காடுகள் சில ஆண்டுகளில் அழிந்தன. உங்கள் ஊர்ப் பக்கம் வேலியோரத்தில் கள்ளி மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். குச்சி செக்கச்செவேல் என்று ஆகிவிடும். அரசர்களின் அங்கிக்கு நிறம் கொடுத்த பூச்சியின் உறவுக்காரப் பூச்சி அது.

பெங்களூருத் தமிழர்களுக்கு இந்தச் சிவப்போடு என்ன உறவு?

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பலவற்றை அழைத்துவந்ததே ஒரு சிவப்புக் கோட்டுதான். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் அமைத்தபோது மதராஸ் படை வந்தது. சிப்பாய்கள், அவர்களோடு சமையற்காரர்கள், தையற்காரர்கள், வியாபாரிகள், கட்டட வேலைக்காரர்கள் என்று அல்சூரும் இன்றைய சிவாஜி நகரும் தமிழ் பேசத் தொடங்கின. மதராஸ் சப்பர்கள் என்ற பொறியாளர் படையின் தலைமையிடம் இன்றும் அல்சூர் ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது.

அந்தக் கோட்டிலும் இரண்டு சிவப்புகள் இருந்தன. பிரிட்டிஷ் படையில் அதிகாரியின் கோட்டு நெடுங்காலம் கொச்சினீலில் நனைந்த பளிச்சிடும் சிவப்பு. சாதாரணச் சிப்பாயினுடையது மஞ்சிட்டி இனத்து வேரில் நனைத்த, சீக்கிரம் மங்கும் செங்கல் சிவப்பு. தூரத்தில் நின்று பார்த்தாலே யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று தெரிந்துவிடும். ஒரு நிறத்தை வைத்து மனிதர்களைத் தரம் பிரித்த இந்த வழக்கத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பருத்தியில் இந்தச் சிவப்பு வருமா?

பூச்சிச் சாயங்கள் பட்டையும் கம்பளியையும் பற்றிக்கொள்ளும் அளவுக்குப் பருத்தியைப் பற்றுவதில்லை. பருத்திக்கு நம் முன்னோர் கண்ட வழி சாயவேர். ராமேசுவரம் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் வளரும் சின்னஞ்சிறு செடியின் வேர். கடுக்காயும் படிகாரமும் ஊட்டிய துணியில் அந்த வேரின் சிவப்பு கெட்டியாக ஏறும். துவைக்கத் துவைக்க அழகு கூடும். சோழமண்டலக் கரைத் துணிகளை உலகம் தேடிவந்ததற்கு இது முக்கியமான காரணம். இத்தகைய வேர்களிலுள்ள அலிசரின் என்ற சிவப்பை 1868-இல் ஜெர்மானியர்களான கிரேபே, லீபர்மன் இருவரும் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டே தொழிற்சாலைத் தயாரிப்புக்கு வழி பிறந்தது. வேர் தோண்டிப் பிழைத்தவர்களின் தொழில் அதன்பின் தேய்ந்தது.

கடையில் வாங்கும் குங்குமம் நெற்றியைக் கருக்கச் செய்கிறதே, ஏன்?

அதிகம் வரும் கேள்வி இது. பெரும்பாலும் அம்மாக்களும் அத்தைகளும் கேட்பது. உண்மையான குங்குமம் மஞ்சளிலிருந்து வருவது. மஞ்சள் கிழங்கை எலுமிச்சைச் சாறு, வெங்காரம் (போராக்ஸ்), படிகாரம் சேர்த்து ஊறவைத்து உலர்த்தி இடித்தால் அது சிவக்கும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் வெங்காரத்தோடு சேர்ந்து வேறொரு சிவப்புப் பொருளாக மாறுவதே காரணம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பதும் மஞ்சளின் வேலைதான். ஆனால் அங்கே வெறும் காரத்தால் வரும் சிவப்பு. அதில் எலுமிச்சையைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். குழந்தைகளுக்குச் செய்து காட்டுங்கள், மிகவும் மகிழ்வார்கள்.

இப்படிச் செய்த குங்குமம் மிளகாய்ப்பழம்போலப் பளிச்சிடாது. அடங்கிய சிவப்பாக இருக்கும். கண்ணைப் பறிக்கும் மலிவான பொடிகளில் பெரும்பாலும் செயற்கை நிறமிகள்தான் இருக்கின்றன. அவை சிலருடைய தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். முதலில் அரிப்பு வரும், பிறகு பொட்டு வைக்கும் இடம் கருக்கும். தோல் மருத்துவர்கள் நன்கு அறிந்த பிரச்சினை இது. பொட்டு வைப்பதை நிறுத்திவிட்டு அவர்களிடம் காட்டுங்கள். கருத்த இடத்தை மறைக்க அதன் மேலேயே இன்னும் பெரிய பொட்டாக வைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

வகிட்டில் இடும் சிந்தூரத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. சில வகைகளில் ஈய ஆக்சைடு இருப்பது கண்டறியப்பட்டு, அமெரிக்க உணவு மருந்துத் துறை எச்சரிக்கை விடுத்திருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அம்மாவின் நெற்றியைத் தொட்ட கையை வாயில் வைக்கும் வயதில் வீட்டில் பிள்ளை இருந்தால் எதனால் ஆனது என்று தெரியாத பொடியை வாங்காதீர்கள்.

சாதிலிங்கம்? அதுவும் சிவப்புதானே?

ஆம், பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கனிமம். ஓவியர்களின் பழைய சிவப்பு அது. சித்த மருத்துவத்திலும் இடம் உண்டு. தகுதி பெற்ற சித்த மருத்துவர் கையிலன்றி வேறெங்கும் அதற்கு வேலை இல்லை.

முருகனுக்கும் அம்மனுக்கும் ஏன் சிவப்பு?

குறுந்தொகையின் கடவுள் வாழ்த்தில் முருகனின் அடி தாமரை போன்றது, மேனி பவளம் போன்றது, உடை குன்றிமணி போன்றது என்று பெருந்தேவனார் பாடுகிறார். குன்றிமணியின் சிவப்பு அப்படியே மிளகாய்ப்பழச் சிவப்புதான். ஞாயிறு, குருதி, போர்க்களம், விடியல் எல்லாம் அந்த ஒரு தெய்வத்தில் சேர்ந்திருக்கின்றன. அம்மனுக்கும் அதுவே பொருந்தும்: உயிர் கொடுப்பதன் நிறமும் உயிர் எடுப்பதன் நிறமும் ஒன்றே. மார்கழி, தை மாதங்களில் இங்கிருந்து மேல்மருவத்தூருக்குப் புறப்படும் பஸ்களில் செவ்வாடை உடுத்திய பெண்களைப் பாருங்கள். தமிழும் கன்னடமும் ஒரே வண்டியில் போகின்றன. நவம்பர் முதல் நாளில் தெருத் தெருவாக ஏறும் கன்னடக் கொடியின் மஞ்சளும் சிவப்பும்கூட மங்கலமான மஞ்சள் குங்குமத்தைக் குறிப்பவைதான்.

பெங்களூருச் சாலை மரங்களில் இவ்வளவு சிவப்புப் பூக்கள் ஏன்?

ஒரு பகுதி மனிதர்கள் திட்டமிட்டது. லால்பாக்கைக் கவனித்த ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் கிரும்பீகல், ஒரு மரம் ஓயும்போது இன்னொன்று பூக்கும்படி சாலை மரங்களை அடுக்கினார். ஏப்ரல், மே மாதங்களில் எரியும் குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. அதற்கு முன் இலை உதிர்த்து நிற்கும் இலவ மரம் நம்முடையது.

மறுபகுதி பறவைகள் திட்டமிட்டது என்றே சொல்லலாம். தேனீக்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. பறவைகளுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே பறவையை நம்பி மகரந்தம் அனுப்பும் மரங்களில் பல சிவப்பாகப் பூக்கின்றன. இலவம் பூத்திருக்கும்போதோ கல்யாண முருங்கை பூத்திருக்கும்போதோ கீழே நின்று நிமிர்ந்து பாருங்கள். மைனா, காகம், தேன்சிட்டு என்று ஒரு சந்தையே கூடியிருக்கும்.

ஏரிக்கரையில் பறக்கும் சிவப்புத் தும்பியையும் கேட்கிறார்கள். ஆண்தான் அந்த நிறம். இளம் ஆண் மஞ்சளாகவே இருக்கும். முதிரும்போது அதன் உடலிலுள்ள நிறமி வேதிமாற்றம் அடைந்து, அதாவது எலக்ட்ரான் ஏற்று, சிவப்பாகிறது.

செங்காந்தளும் குன்றிமணியும் விஷமா?

இரண்டும் விஷம். செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் இருக்கிறது. அளவோடு பிரித்தெடுத்தால் கீல்வாதத்தின் ஒருவகையான கவுட்டுக்கு மருந்து. அதற்காகவே ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள். கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. குன்றிமணியில் அப்ரின் என்ற கடும் நஞ்சு உண்டு. முழுதாக விழுங்கினால் கெட்டியான ஓடு காப்பாற்றக்கூடும்; மென்றாலோ, துளையிட்டு மாலையாகக் கோத்ததை வாயில் வைத்தாலோ விபரீதம். சதுர்த்திக்குப் பிள்ளையார் கண்ணில் பதித்த குன்றிமணியைப் பூஜை முடிந்ததும் குழந்தை கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள்.

ஸ்கார்லெட் காய்ச்சல் என்றால் என்ன?

தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் ஒருவகை, நச்சைச் சுரந்து உடலெங்கும் சிவந்த தடிப்பை எழுப்பும் நோய். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வரும். காய்ச்சலும் தொண்டை வலியும் தொடங்கி ஓரிரு நாளில் மார்பிலும் வயிற்றிலும் தடிப்பு தெரியும்; தடவினால் உப்புத்தாள்போலச் சொரசொரக்கும். நாக்கு சிவந்து மேடு மேடாகும். மாநிறக் குழந்தைகளின் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாமல் போகலாம். எனவே கண்ணை மட்டும் நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள். பென்சிலின் வகை மருந்தில் நன்றாகக் குணமாகும். வழக்கமாகப் பத்து நாள் கொடுப்பார்கள். மூன்றாம் நாளே பிள்ளை ஓடியாடினாலும் மருந்தை நிறுத்தக் கூடாது. முழுதாகக் குணப்படுத்தாவிட்டால் பின்னால் மூட்டையும் இதய வால்வையும் தாக்கும் வாதக் காய்ச்சல் வரக்கூடும். வீட்டில் எவரும் இதை அம்மை என்று முடிவுகட்டி வேப்பிலையோடு நிறுத்திவிடாதீர்கள். தொண்டை வலியோடு தடிப்பு வந்தால் அன்றே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

இந்தக் கிருமியை முதலில் அடக்கிய மருந்துகளில் ஒன்று ஒரு சிவப்புச் சாயம். 1932-இல் ஜெர்மனியில் ஜெர்ஹார்ட் டோமாக், சாயத் தொழிற்சாலையின் வேதியியலாளர்கள் தயாரித்த ப்ரோன்டோசில் என்ற சாயத்தை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றிய எலிகளுக்குக் கொடுத்தார், எலிகள் பிழைத்தன. ஊசி குத்திக் கை புரையோடிய தன் மகளுக்கும் அதையே கொடுத்துக் காப்பாற்றினார். 1935-இல் முடிவுகளை வெளியிட்டார். 1939-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பாரிஸின் பாஸ்டர் நிலையத்தார் ஆராய்ந்தபோது, உடலுக்குள் அந்தச் சாயம் உடைந்து அதிலிருந்து வரும் நிறமற்ற சல்ஃபனிலமைடுதான் கிருமியை அடக்குகிறது என்று தெரிந்தது. சிவப்புக்கு அதில் பங்கே இல்லை.

கோபி மஞ்சூரியனின் சிவப்பு ஆபத்தானதா?

சிவப்பு எதிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடும் புதுச்சேரியும் பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் கண்டு தடை செய்தன. மார்ச்சில் கர்நாடகம் பஞ்சுமிட்டாயிலும் கோபி மஞ்சூரியனிலும் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்றது. ஜூனில் கபாபையும் சேர்த்தது. சாயத் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறோம்: ரோடமின் துணிக்கான பொருள், அதைக் குழந்தையின் வாயில் வைப்பது குற்றம்.

மிளகாய்த்தூளில் கலப்படம் செய்யும் சூடான் சாயம் எண்ணெயில் கரைவது, எந்த அளவிலும் அனுமதியில்லாதது. இவை எதுவும் தேவையே இல்லை. ஹாவேரி மாவட்டத்து ப்யாடகி மிளகாய் காரம் குறைந்தது, நிறம் மிகுந்தது. வெந்நீரில் ஊறவைத்து அரைத்துச் சேருங்கள். கடைச் சிவப்பு அளவுக்குப் பளிச்சென்று இருக்காது. உண்ணத் தகுந்ததாக இருக்கும்.

நாங்கள் சைவம். பூச்சிச் சாயம் எங்கள் வீட்டுக்குள் வருகிறதா?

வந்திருக்கலாம். உதட்டுச் சாயத்தின் பொருள் பட்டியலில் கார்மைன் என்றோ சி.ஐ. 75470 என்றோ இருந்தால் அது கொச்சினீல். வெளிநாட்டு இனிப்புகளில் இ120 என்று அச்சிட்டிருப்பார்கள். எங்கள் அரக்குச் சாயமும் பூச்சியிலிருந்துதான் வருகிறது. வேண்டாம் என்பவர்களுக்கு மஞ்சிட்டி வேரில் நனைத்துத் தருகிறோம். நிறம் சற்று செங்கல் பக்கம் போகும்.

அரக்குச் சாயப் பட்டுப்புடவையை எப்படித் துவைப்பது?

சலவைத்தூளும் சோடாவும் கூடவே கூடாது. காரம் பட்டால் சிவப்பு ஊதாவாகத் திரும்பிவிடும். அப்படி ஆகிவிட்டால் பதறாமல், நல்ல தண்ணீரில் அலசி, சிறிது வினிகர் கலந்த நீரில் முக்கி எடுங்கள். பெரும்பாலும் பழைய நிறத்துக்குத் திரும்பும். வழக்கமாகத் துவைக்கப் பூந்திக்கொட்டை ஊறிய நீர் போதும். போர்வெல் தண்ணீர் பல பகுதிகளில் கடினமானது, நிறத்தை மங்கச் செய்யும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் துவையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். முதல் இரண்டு முறை தனியாக நனையுங்கள், வெள்ளை வேட்டியோடு சேர்க்க வேண்டாம்.